டவர் பாறையில் அரபுப் பாடம்

எனக்கு ஏழு மொழி தெரியும். தமிழ், தெலுங்கு, இந்தி, உருது, மலையாளம், இங்கிலீஷ், அரபு. எதில் கூப்பிட்டாலும் அதிலேயே பதில் சொல்வேன்.

இதைச் சொன்னவுடன் கோமதி டீச்சர் பேனாவை மூடிவிட்டார். நான் வாயால் சொல்கிறேன், அவர்தான் நோட்டில் எழுதுகிறார். "பொய்ய எழுதறதுக்கு என் பேனாவுல இங்க் இல்ல ஏழுமலை" என்றார்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது ஒரே மொழி. அதையும் பேசத்தான் தெரியும். பேங்கில் கஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "கட்டைவிரலே வெச்சிடுங்க" என்றார் அங்கிருந்தவர். அரபில் ஒரு நாற்பது சொல் தெரியும். சவுதியில் இரண்டு வருடம் ஆடு மேய்த்தபோது கிடைத்தவை. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கத்தியதையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டேன். வா, போ, சீக்கிரம், வாயை மூடு, கழுதை. இந்த ஐந்தை வைத்தே முதல் ஆறு மாதம் ஓட்டினேன்.

பேனா திறந்துவிட்டது. மேலே போகலாம்.

ஊர் கண்ணமங்கலம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். டீச்சருக்கும் அதே ஊர். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரின் ஆரம்பப் பள்ளியில் வேலை. திங்கட்கிழமை விடியற்காலையில் மேலே போனால் வெள்ளிக்கிழமை மாலைதான் இறங்குவார். பஸ்ஸிலிருந்து வீட்டுக்கு என் ஆட்டோ. ஏறுகிறவர்களிடமெல்லாம் நான் அரபுக் கதை விடுவது வழக்கம். கேட்கிறவர்களுக்கும் பொழுதுபோகும், எனக்கும் மீட்டர் இல்லாத குறை தெரியாது.

போன வாரம் டீச்சர் வீட்டு வாசல் வந்தும் இறங்கவில்லை.

"ஏழுமலை, உங்களுக்கு நெஜமாவே அரபு தெரியுமா?"

"இன்னா டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? அரபுக்காரனுக்கு சந்தேகம் வந்தா என்னைத்தான் கேப்பான்."

"அப்போ திங்கக்கெழம என்கூட மலைக்கு வாங்க. ஒரு புள்ளைக்கு சொல்லிக் குடுக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் விஷயத்தைக் கேட்டேன். அவர் சொல்லி முடித்தபோது சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

நான்காம் வகுப்பில் பவித்ரா என்று ஒரு பெண். அவள் அப்பா சவுதிக்கு ஆடு மேய்க்கப் போய் ஒரு வருடம் ஆகிறது. வாரம் தவறாமல் பேசிக்கொண்டிருந்தவர், ஐந்து மாதமாகப் பேசவில்லை. அவர் போன் அணைந்து கிடக்கிறது. முதலாளியின் நம்பர் மட்டும் கையில் இருக்கிறது. பவித்ராவின் அம்மா அதற்கு அடிப்பாள். அந்தப் பக்கம் ஓர் ஆள் அரபில் ஏதோ கேட்பார். இவள் தமிழில் அழுவாள். அவர் வைத்துவிடுவார். பிறகு இவள் நம்பரையும், இவள் இரவல் வாங்கி அடித்த ஊர்க்காரர்கள் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். டீச்சர் கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்த மனு மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. மில்லுக்கு ஆள் எடுக்கும் வேனோ சனிக்கிழமை வருகிறது. அதில் ஏறி, பெண்ணையும் கூட்டிக்கொண்டு, திருப்பூர் போய்விடுவது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

"போனா அந்தப் புள்ள மறுபடி ஸ்கூலுக்கு வராது" என்றார் டீச்சர். "ஆளு நல்லாக் கீறாருன்னு ஒரு வாட்டி காதால கேட்டுட்டா போதும், எத்தினி மாசம் ஆனாலும் இங்கயே காத்துக்கினு இருப்பேங்கறா. ஒரு கொரல். அவ்ளோதான்."

இறங்கி ஓடியிருப்பேன். ஆனால் ஆட்டோ என்னுடையது. எங்கே ஓடுவது?

திங்கட்கிழமை. சவுதிக்கு விமானத்தில் போய் வந்தவன் நான். வாசலில் நின்றாலே தெரிகிற இந்த மலைக்கு இதுவரை போனதில்லை. பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மா மடியில் சேவலோடு உட்கார்ந்திருந்தார். அது வழியெல்லாம் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு வந்தது.

மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ எதிரே மூங்கில் லாரி. பஸ் பின்னால் போக வேண்டும். பின்னால் பள்ளம். கண்டக்டர் இறங்கி விசில் ஊதினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் சிகப்பு சட்ட! எறங்கி அந்தக் கல்ல டயருக்கு அண்ட குடு."

"நானா? நான் டிக்கெட் வாங்கிட்டேங்க."

"வாங்கினவன்தான் எறங்கணும். டிரைவரா எறங்குவாரு?"

பஸ் ஓர் அடி பின்னால் வரும், நான் கல்லை நகர்த்துவேன். இன்னும் ஓர் அடி, இன்னொரு தடவை கல். ஒரு தடவை கல் வழுக்கியது. பஸ் முழுவதும் "ஐயோ" என்றது, சேவல் கூவியது. நான் குதித்து ஓரத்து முள்ளில் உட்கார்ந்தேன். டயர் தானாக நின்றது. ஏறி வந்தபோது சேவல் அம்மா எனக்கு ஒரு பலாச்சுளை கொடுத்து, "பொறவு உக்காரு சாமி, மொதல்ல முள்ள எடு" என்றார். அரபு ஆசிரியர் மலைக்குள் நுழைந்த லட்சணம் இது.

பள்ளி ஒரே கட்டடம், ஒரே பெரிய அறை. ஐந்து வகுப்பும் அதற்குள். இருபத்து மூன்று பிள்ளைகள். இன்னொரு டீச்சர் பிரசவ விடுப்பில் இருப்பதால் கோமதி டீச்சர் ஒருவரே எல்லாவற்றுக்கும். மத்தியானம் சத்துணவு. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். முட்டை பிள்ளைகளுக்கு மட்டும் என்று சமையல் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் பவித்ராவின் வீட்டில் சாமைச் சோறும் கொள்ளு ரசமும். சவுதியில் நான் தின்ற காய்ந்த குபூஸ் ரொட்டி இந்த ரசத்தில் விழுந்திருந்தால் அதற்கே மோட்சம் கிடைத்திருக்கும்.

பவித்ராவின் அம்மா பெயர் சின்னப்பொண்ணு. மூலையில் இரண்டு பைகள் கட்டி வைத்தபடி இருந்தன. மேலாக ஒரு பிளாஸ்டிக் குடம். அதைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. பாடமெல்லாம் எதற்கு, நானே பேசி முடித்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். ஊருக்கு மேலே ஒரு பாறை. சிக்னல் அங்கே மட்டும்தான் கிடைக்கும். டவர் பாறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டீச்சர் பள்ளியில், நானும் சின்னப்பொண்ணும் பாறையில். என் போனில் நம்பரை அடித்து ஸ்பீக்கர் போட்டேன்.

"ஹலோ?"

அந்தக் குரலைக் கேட்டதும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. என் முதலாளி இல்லை, வேறு யாரோதான். ஆனால் காலுக்கு அது தெரியவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். அனா ஹிந்தி" என்றேன். நான் இந்தியன், உங்களிடம் எங்கள் ஆள் இருக்கிறார், பேச வேண்டும் என்று என் நாற்பது சொற்களில் பாதியைச் செலவு செய்து கொட்டினேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. யார், அவன் பேர் என்ன?

அப்போதுதான் உறைத்தது. பேர் எனக்குத் தெரியாது. டீச்சர் "பவித்ரா அப்பா, பவித்ரா அப்பா" என்றே சொல்லியிருந்தார். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"தங்கச்சி, உங்க வூட்டுக்காரர் பேரு இன்னா? சீக்கிரம்!"

சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். "அத எப்படிண்ணா நான் சொல்றது?"

"ஆளு லைன்ல கீறாரும்மா!"

"கங்கை ஓடுதில்ல, அந்த ஊரு பேரு."

"எந்த ஊரு?"

"வயசானவங்க ரயிலேறிப் போய்ட்டு வருவாங்களே, செஞ்ச பாவம் போவணும்னு."

"ராமேஸ்வரமா?"

"ஐய, அது கடலுண்ணா."

"திருப்பதியா?"

"அங்க கங்கை எங்க ஓடுது?" என்று அவள் என்மேலேயே கோபப்பட்டாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் வாயில் பேர் வரவில்லை. போனிலிருந்து அவர் கத்தினார். "கொஞ்சம் பொறுங்கள்" என்று அரபில் சொல்வதாக நினைத்து நானும் ஏதோ கத்தினேன். அவர் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வைத்தார். கழுதை.

மறுபடி அடித்தேன். ஒரு தடவை மணி அடித்துக் கட்டானது. இன்னொரு தடவையும் அப்படியே. என் நம்பரும் பிளாக்.

பள்ளிக்குத் திரும்பி வந்ததும் பவித்ரா ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தாள். "எங்கப்பா பேரு காசி மாமா. என்னக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

காசி! கங்கை ஓடுகிற ஊர்! பாறையிலேயே தலையை முட்டிக்கொண்டிருக்கலாம், இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்க வேண்டாம்.

சின்னப்பொண்ணுமேல் எனக்குக் கோபம்தான். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். சவுதியில் இரண்டு வருடம் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "யா ஹிந்தி" என்பதுதான் என் பேர். அங்கே அந்தக் காசிக்கும் அதே கதியாகத்தான் இருக்கும். இங்கே ஒருத்தி அந்தப் பேரை வெளியே எடுத்தால் தேய்ந்துவிடும் என்பதுபோல வைத்திருக்கிறாள்.

"இனி என் போன் ஒண்ணுதான் பாக்கி" என்றார் டீச்சர். "அதுவும் போச்சுன்னா அவ்ளோதான். யோசிச்சு அடிக்கணும். புள்ளையே பேசட்டும்."

அது சரியாகத்தான் பட்டது. என் முதலாளி கரடுமுரடான ஆள். ஆனாலும் தன் அண்ணன் மகள் போனில் வந்தால் மட்டும் குரல் பஞ்சாகிவிடும். குழந்தை பேசினால் பட்டென்று வைக்க மனசு வராது. நாள் கூடக் குறித்தேன். வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம். நம் மணிக்கு மாலை நாலு. லீவு கேட்பதென்றால் நான் அந்த நேரத்தில்தான் கேட்பேன்.

புதன்கிழமை பாடம் தொடங்கியது. பவித்ராவைத் தனியாகக் கூப்பிட்டு ஆரம்பித்தேன். அவள் வாயே திறக்கவில்லை.

"ஒத்தையில சொல்லாதுங்க" என்றார் டீச்சர். "எல்லாத்துக்கும் சேத்துச் சொல்லிக் குடுங்க, அப்பத்தான் இதுவும் சொல்லும். எங்க ஸ்கூல்ல வாய்ப்பாடுகூட அப்படித்தான். முன்னால நிக்கறவன் மறந்துட்டா பின்னால இருக்கறவங்க எடுத்துக் குடுத்து முடிச்சிடுவாங்க."

அப்படியாக, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை மொத்தப் பள்ளிக்கும் நான் அரபு வாத்தியார். டீச்சர் சாக்பீஸை நீட்டி, "போர்டுல எழுதுங்க" என்றார். பஸ்ஸுக்குக் கல் வைத்ததே தேவலாம் என்றிருந்தது. திரும்பி நின்று ஒரு போன் வரைந்தேன். ஓர் ஆடு வரைந்தேன். ஆட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள்.

பவித்ரா மெதுவாகக் கேட்டாள். "மாமா, உனக்கு எழுதத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"எங்கப்பாவுக்கும் தெரியாது. அதான் மெசேஜ்கூட அனுப்பல."

அதற்குப் பிறகு எனக்குப் பயம் குறைந்துவிட்டது. இவள் அப்பாவும் என்னைப் போலவே மாட்டிக்கொண்டிருப்பாரோ என்று வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பாடம் நான்கே வரி. அஸ்ஸலாமு அலைக்கும். அனா பிந்த் காசி, அதாவது நான் காசியின் மகள். அப்கா கலாம் பாபா, அப்பாவிடம் பேச வேண்டும். நான்காவதுதான் கஷ்டம். தயவுசெய்து என்பதற்கு அரபில் என்ன? நாற்பது சொல்லையும் கவிழ்த்துப் பார்த்தேன், இல்லை. என்னிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. சாயங்காலம்வரை மண்டையைக் குடைந்த பிறகு, முதலாளியின் மனைவி கடைக்காரரிடம் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. மின் ஃபத்லக். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே ஒட்டுக்கேட்டது. அது இங்கே வந்து உதவுகிறது.

பிள்ளைகள் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்க்க வேண்டும். இருபத்து மூன்றும் ஒரே குரலில் "அனா பிந்த் காசி!" பையன்களும் சேர்ந்துதான். நான்கு வரி முடிந்ததும் சாப்பாட்டுக்கு விரட்ட நான் "யல்லா, யல்லா" என்பேன். அதையும் விடவில்லை, கூடவே சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

டீச்சருக்குக் கொஞ்சம் பொறாமை. "மூணு வருசமா இங்கிலீஷ் எடுக்கறேன். சாயங்காலம் மணியடிச்சாலும் குட் மார்னிங் டீச்சர்னுதான் சொல்லுதுங்க. உங்க அரபு மட்டும் ரெண்டு நாள்ல எப்படி ஏறுது?"

"வாத்தியாரு அப்படி."

"ம்க்கும். இங்கிலீஷ்ல யார்கிட்ட பேசப் போறோம்னு அதுங்களுக்குத் தெரியாது. இது யார்கிட்டன்னு தெரியும். பவித்ரா அப்பாவ வெச்சிருக்கற ஆளுகிட்ட."

வியாழக்கிழமை ஊரில் ஆடு ஓட்டுகிற பிள்ளைகள் எல்லாம் "யல்லா! ரூஹ்!" என்று அரபில் விரட்டின. போ என்றால் ரூஹ். ஆடுகளும் கேட்டு நடந்தன. "ஆட்டுக்கே புரியுது, அந்த ஆளுக்குப் புரியாதா?" என்று பவித்ரா என்னிடம் கேட்டாள். கேள்வி எனக்குத் தைரியம் சொல்வதுபோலத்தான் இருந்தது.

ஆனால் அவள் தனியாகச் சொல்லும்போது இரண்டாவது வரியில் நின்றுவிடுவாள். "அனா பிந்த்" வரை வரும். அப்பா பேர் வரும் இடத்தில் சட்டை நுனியைக் கடிப்பாள். பத்துத் தடவை சொல்லிப் பார்த்தோம், ஏழு தடவை கடித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் அம்மா பள்ளிக்கு வந்து டி.சி. எப்போது கிடைக்கும் என்று டீச்சரிடம் கேட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்றரைக்கே பாறைக்கு ஏறிவிட்டோம். பவித்ரா மட்டும் போதும்தான். ஆனால் மற்ற பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வருவது? டீச்சர் எல்லாரையும் வரிசையாகக் கூட்டிவந்து பாறையைச் சுற்றி உட்காரவைத்தார். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தீங்க, தோல உரிச்சிடுவேன்." எல்லாரும் உதட்டில் விரல் வைத்துக்கொண்டார்கள். சின்னப்பொண்ணு கொஞ்சம் தள்ளி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாலு மணி. டீச்சர் போன். ஸ்பீக்கர். மணி போகிறது. ஆறு தடவை, ஏழு தடவை. என் காதுக்குள்ளேயே அடிப்பதுபோல இருந்தது.

"ஹலோ?"

பவித்ரா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"ஹலோ? மீன்?" மீன் என்றால் அரபில் யார் என்று அர்த்தம். குரலில் எரிச்சல் ஏறிவிட்டது எனக்குத் தெரிந்தது. இன்னும் மூன்று நொடியில் வைத்துவிடுவார். பவித்ரா என்னைப் பார்க்கிறாள், அம்மாவைப் பார்க்கிறாள், உதடு ஆடுகிறது. சத்தமில்லை.

முன்னால் நிற்கிறவர் மறந்தால் பின்னால் இருப்பவர்கள் எடுத்துக்கொடுப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஐந்து வகுப்பும் வழக்கத்தை மீறவில்லை. விரல்கள் உதட்டிலிருந்து இறங்கின. பாறையே அதிர்ந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

டீச்சர் கையை ஆட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வாய்ப்பாடு ஒரு தடவை கிளம்பினால் பாதியில் நிற்குமா?

"அனா பிந்த் காசி! அப்கா கலாம் பாபா! மின் ஃபத்லக்!"

அதோடு விட்டிருக்கலாம்.

"யல்லா! யல்லா!"

சீக்கிரம், சீக்கிரம் என்று முதலாளியை விரட்டுகிறார்கள், இருபத்திரண்டு பேர் சேர்ந்து. பாலைவனத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால் இன்றைக்கு இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரா? டீச்சர் போனைப் பார்த்துத் தலையசைத்தார். இல்லை, லைன் இருக்கிறது.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "காசி? குல்லு?"

குல்லு என்றால் எல்லாமும். இத்தனையும் காசியின் பிள்ளைகளா என்று கேட்கிறார். நான் பவித்ராவின் காதில் சொல்வதற்குள், அப்பா பேர் கேட்டதுமே அவள் பதில் சொல்லிவிட்டாள். பாடத்தின்போது நான் சொல்லிக் கேட்டுப் பிடித்துக்கொண்ட சொல், ஆமாம் என்பதற்கு.

"அய்வா!"

அவர் சிரித்தார். பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொல்ல, அந்த ஆளும் சிரித்தார். "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்றார் இரண்டு தடவை. பவித்ரா போன் பக்கம் குனிந்தாள். "அனா பிந்த் காசி" என்றாள், தனியாக, முழுசாக. சிரிப்பு நின்றது. அவர், "காசி. புக்ரா. புக்ரா கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பிள்ளைகள் குதித்தன. சின்னப்பொண்ணு என்னிடம் ஓடிவந்தாள். "இன்னாண்ணா சொன்னாரு? அவரு பேர சொன்னாரே, இன்னா சொன்னாரு?"

"நாளைக்குப் பேச வெக்கறேன்னு சொன்னாரும்மா."

அது பொய்யில்லை. புக்ரா என்றால் நாளைதான். ஆனால் அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். என் நாற்பது சொல்லில் அதிகம் கேட்டதே அதுதான். ஊருக்குப் போக வேண்டும், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் புக்ரா. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். அவரும் அன்றைக்கு ஊருக்கு இறங்கவில்லை.

இன்று சனிக்கிழமை. பள்ளி லீவு. பாறைக்குக் கீழே புளியமர நிழலில் டீச்சரும் நானும் உட்கார்ந்திருக்கிறோம். மேலே பாறையில் டீச்சரின் போனை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பொண்ணு, பக்கத்தில் பவித்ரா. எட்டு மணியிலிருந்து அப்படியே இருக்கிறார்கள். காலையில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒரு கிண்ணம் களியை நால்வரும் மாற்றி மாற்றித் தள்ளி வைத்தோம். போன் பேட்டரி பாதிக்குக் கீழே வந்துவிட்டது. அதில் விளையாடினால் கையை ஒடித்துவிடுவேன் என்று பவித்ராவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மில் வேன் வந்துவிட்டது. வளைவில் நிற்கிறது. இரண்டு தடவை ஹாரன் அடித்தாயிற்று. இரண்டு பையும் குடமும் ரோட்டோரத்தில் இருக்கின்றன. இன்னும் அதில் ஏற்றவில்லை. வேன்காரர் பாறையைப் பார்த்துக் கத்தினார். "இன்னாம்மா, வர்றியா இல்லியா? ஒனக்காக மத்தவங்க காயணுமா?" சின்னப்பொண்ணு மேலிருந்து கையைக் காட்டினாள். வருகிறேன் என்றா, பொறு என்றா, தெரியவில்லை.

பாறையையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால்தான், "டீச்சர், நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்று ஆரம்பித்தேன். இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு அவர் இப்போது கேட்கிறார்.

"உங்க முதலாளி புக்ரா புக்ரான்னு சொன்னாரே, அப்புறம் இன்னா ஆச்சு? எப்படி ஊருக்கு வந்தீங்க? அத நீங்க யார்கிட்டயும் சொன்னதே இல்ல."

சொன்னதில்லைதான். ஆட்டோவில் சொல்கிற கதை இல்லை அது. இதில் பொய் கிடையாது, பேனாவை மூட வேண்டாம். பதினோரு மாதம் புக்ரா. பன்னிரண்டாவது மாதம் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் தூசி. முதலாளியின் வண்டி. அது அவர் வருகிற நாளே இல்லை. வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. கதவைத் திறந்து இறங்கினார். முகம் ஒரு மாதிரி இருந்தது. முதல் தடவையாக என்னை ஏழுமலை என்று கூப்பிட்டார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டு,

"மாமா! மாமோவ்!"

பவித்ரா. பாறை விளிம்பில் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறாள். அவளுக்குப் பின்னால் சின்னப்பொண்ணு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நிற்கிறாள். மலை முழுவதும் கேட்கிற மாதிரி ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிக் கத்துகிறாள். "காசி! காசி! காசி!"

"அம்மா அப்பா பேர சொல்லிடுச்சு மாமா! அந்தாண்ட இன்னமோ கேக்கறாங்க, புரியல, ஓடியா!"

அப்புறம் எழுதிக்கலாம் டீச்சர். என் செருப்பு எங்கே? வேண்டாம், விடுங்க, நான் போறேன்.